அபார்ட்மென்ட் புல்வெளியில் வெள்ளைக் காளான்: இன்று இரவு சமைக்கலாமா?

மேடவாக்கம் மாடி | 18.10.2024, மாலை 6.50

செவ்வாய்க்கிழமை கொட்டின மழைக்கு அப்புறம் எங்க பிளாட் புல்வெளியில வட்டமா வரிசை கட்டி வெள்ளைக் காளான் வந்திருக்கு. தொப்பி ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டுல பாதி அகலம். மேல பழுப்புச் செதில், தண்டுல வளையம். வாட்ச்மேன் அண்ணன் இது புற்றுக்காளான்தான், ஊர்ல இதைத்தான் குழம்பு வைப்போம்னு சொல்றார். பூண்டும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வெச்சுப் பார்த்தோம், பூண்டு கறுக்கலை. வண்டும் அரிச்சிருக்கு. அப்போ விஷம் இல்லைன்னுதானே அர்த்தம்? ராத்திரிக்குச் சமைக்கலாம்னு இருக்கோம்.

புற்றடி | 18.10.2024, இரவு 7.05

சமைக்காதீர்கள். அடுப்பில் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான். சென்னையில் புல்வெளி, விளையாட்டு மைதானம், சாலை நடுத்திட்டு என்று மழைக்குப் பின் வளையமாக எழும் பெரிய வெள்ளைக் காளானில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்தமும் போகும். பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிவிடும், அங்கேதான் ஆபத்து. நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிச் சாப்பிட்டவர்களும் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, அடித்தண்டு. கையால் பிடுங்காமல் கரண்டிக்காம்பால் மண்ணைச் சுற்றிலும் தோண்டி எடுங்கள். கீழே லேசாகப் பருத்து அங்கேயே முடிந்துவிட்டதா, இல்லை வால்போல் நீண்டு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகிறதா?

இரண்டு, தண்டில் இருக்கும் வளையம். விரலால் மெல்லத் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறதா?

மூன்று, ஸ்போர் அச்சு, அதாவது தொப்பியின் அடியிலிருந்து உதிரும் விதை போன்ற பொடியின் படிவு. நன்றாக விரிந்த தொப்பியாக ஒன்றை எடுத்துத் தண்டை ஒட்ட நறுக்கிவிடுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும் தாளில் செவுள்கள் (தொப்பிக்கு அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகள்) கீழே பார்க்கிற மாதிரி வைத்து, பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். காலையில் தொப்பியைத் தூக்கினால் தாளில் படிந்த பொடியின் நிறம் தெரியும். மாலிப்டைட்டிஸ் என்றால் பச்சை.

இளசாக இருக்கும்போது இதன் செவுள் பால் வெள்ளையாகத்தான் இருக்கும். பச்சை பிந்தித்தான் வரும். அதனால் மொட்டை வைத்து அச்சு எடுத்துவிட்டு “பச்சை இல்லையே” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செங்கை செம்மண் | 18.10.2024, இரவு 7.40

வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் புற்றுக்காளான் இருக்கும், அதை அவர் சாப்பிட்டும் இருப்பார். ஆனால் ஊரில் அவர் பறித்த இடம் புற்று. இங்கே முளைத்திருப்பது லாரியில் வந்த செம்மண்ணிலும் சாண எருவிலும் போட்ட புல்வெளி. காளானில் பாதி அடையாளம் அது எதிலிருந்து எழுகிறது என்பதுதான். ஊர்க்காரர் கண் தொப்பியைத்தான் பார்க்கிறது. இடம் மாறியது கண்ணில் படுவதில்லை.

ஆய்வக மேசை | 18.10.2024, இரவு 9.15

பூண்டு, வெள்ளிக்காசு, மஞ்சள், அரிசி நிறம் மாறுவது என்று எந்தச் சோதனைக்கும் அடிப்படை கிடையாது. கல்லீரலைக் கெடுக்கும் அமாடாக்சின் பூண்டோடும் சேராது, வெள்ளியோடும் சேராது. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். நல்ல காளானிலும் கந்தகச் சேர்மம் உண்டு, முட்டையிலும் உண்டு. வண்டும் நத்தையும் தின்பதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. கடும் விஷமுள்ள அமானிட்டா வகைக் காளானிலும் புழு வைக்கும். அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. அணில் கடித்தது, மாடு மேய்ந்தது என்பதும் இப்படித்தான்.

கைபேசியில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செயலி பார்ப்பது பெரும்பாலும் தொப்பியின் மேல்பக்கப் படத்தை மட்டும். அடித்தண்டு, செவுள் தண்டோடு ஒட்டும் விதம், பொடியின் நிறம், வாசனை எதுவும் அதற்குத் தெரியாது. எந்தப் பேரினம் என்று தேட ஒரு தொடக்கம் கிடைக்கலாம். சமைப்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

மேடவாக்கம் மாடி | 19.10.2024, காலை 6.30

சமைக்கலை. கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம் மங்கலான சாம்பல் கலந்த பச்சை, செவுள் கோடு ஒவ்வொண்ணும் தனித்தனியா பதிஞ்சிருக்கு. வளையம் நகருது. அடியில வால் எதுவும் இல்லை, சின்ன உருண்டைதான்.

புற்றடி | 19.10.2024, காலை 6.45

அப்படியென்றால் அதுவேதான். இவ்வளவு பெரிய, செதில் உள்ள புல்வெளிக் காளானில் பச்சைப் பொடி விழுந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தொட்டதால் ஒன்றும் ஆகாது, கை கழுவினால் போதும். குழந்தைகளும் நாய்களும் வாயில் வைக்காமல் இருக்க, விரிவதற்கு முன் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். மண்ணுக்குள் பூஞ்சை இழை இருப்பதால் அடுத்த மழைக்கும் வரும். மருந்தடித்து ஒழிக்கப் பார்க்க வேண்டாம், புல்தான் கருகும்.

வேளச்சேரி ஜன்னல் | 19.10.2024, காலை 11.20

எங்க பால்கனித் தொட்டியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்துல சின்னச் சின்னதா வருதே, அதுவும் விஷமா?

ஆய்வக மேசை | 19.10.2024, பகல் 12.05

லூகோகாப்ரினஸ் பிர்ன்பாமி. தென்னைநார்க் கழிவு கலந்த தொட்டி மண்ணில் வழக்கமாக வருவது. சாப்பிட்டால் வயிற்றைக் கெடுக்கும். செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை, மக்குவதைத் தின்று வாழ்வது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தினமும் காலையில் கிள்ளி எறியுங்கள்.

புற்றடி | 20.10.2024, காலை 9.30

உண்மையான புற்றுக்காளான் எப்படி இருக்கும் என்று தனிச்செய்தியில் பலர் கேட்டிருப்பதால் இங்கேயே விரிவாக எழுதுகிறேன்.

பேரினம் டெர்மிட்டோமைசிஸ். 1942இல் ரோஜர் ஹெய்ம் வைத்த பெயர். தென்னிந்தியாவில் விரும்பிச் சாப்பிடும் புற்றுக்காளான்களில் ஒன்றுக்கு டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயர். அதை 1979இல் அறிவியல் உலகத்துக்கு விவரித்தவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் கே. நடராஜன். இந்தக் காளான் தானாக முளைப்பதில்லை. கரையான்கள் புற்றுக்குள் தங்கள் எச்சத்தால் கடற்பஞ்சு மாதிரித் துளைத்துளையான ஒரு மெத்தை கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. மழை இறங்கிப் புற்று நனைந்து, ஈசல் பறந்து சில வாரங்கள் ஆன பிறகு, அந்த மெத்தையிலிருந்து காளான் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. அதனால்தான் இன்றுவரை யாராலும் இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடியவில்லை. கரையான் இல்லாமல் அது முழுக் காளானாக வருவதில்லை.

அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காதீர்கள், எல்லாம் ஒரே காளானில் சேர்ந்திருக்க வேண்டும்.

தொப்பியின் நடுவில் கெட்டியான ஒரு கூர்முனை. மண்ணைத் துளைத்து வருவதற்கான முனை அது. தொப்பி முழுக்க விரிந்த பிறகும் நடுவில் மேடாக நிற்கும், விரலால் தடவினால் சுற்றியிருக்கும் சதையைவிட அழுத்தமாகத் தெரியும். செவுள்கள் தண்டைத் தொடாமல் சின்ன இடைவெளி விட்டு நிற்கும். பொடி வெளிறிய இளஞ்சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக வேர். தண்டு மண்ணோடு முடியாமல் மெலிந்து மெலிந்து புற்றுக்குள் இறங்கும். ஒரு சாண் என்பது சாதாரணம், முழ நீளத்துக்கு மேலும் போகும். மேல்தோல் கருமையாக, உள்ளே நார் நாராக வெள்ளையாக இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் அறுந்துவிடும், அறுந்த காளானில் முக்கியமான சாட்சி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு காளானையாவது பக்கவாட்டில் குச்சியால் மண்ணை நெகிழ்த்தி வேரோடு எடுத்துப் பாருங்கள். மற்றவற்றை மண் மட்டத்தில் கத்தியால் அறுத்தால் போதும்.

வளையம் இருந்தால்தான் புற்றுக்காளான் என்பதும் தவறு, இல்லாவிட்டால்தான் என்பதும் தவறு. ஹெய்மிக்குத் தடித்த வளையம் உண்டு. வேறு சில இனங்களுக்குக் கிடையாது.

செங்கை செம்மண் | 20.10.2024, காலை 10.10

மேலே உள்ளதோடு ஒன்று. கண்ணுக்குத் தெரியும் மேட்டுப் புற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. தரை மட்டத்துக்குக் கீழேயே கரையான் கூடு இருக்கும் வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் வரும். அங்கே “புற்றே இல்லையே” என்று விட்டுவிட வேண்டாம், “புற்றுதான் கீழே இருக்கும்” என்று ஊகித்தும் பறிக்க வேண்டாம். வேர்தான் பேச வேண்டும்.

புற்றை இடிக்காதீர்கள். கூட்டைக் கலைத்தால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் காளான் வராது. கையையும் பொந்துக்குள் விடக்கூடாது. மழைக்காலத்தில் நாகமும் கண்ணாடி விரியனும் தங்கும் இடம் அதுதான். ஈசல் எடுக்கும் இருளர் பெரியவர்கள் புற்றருகே போகும்போது முதலில் தரையைத் தட்டி, ஓசை கேட்டு, வாசல் எங்கே என்று பார்த்த பிறகுதான் உட்காருவார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் அவர்களோடு போய்ப் பழகுவதுதான் இந்த வேலைக்குச் சரியான பள்ளிக்கூடம். கூட வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

அம்மன் புற்றில் எடுக்கவே வேண்டாம். நம்பிக்கைக்கு மரியாதை ஒரு காரணம். இன்னொன்று, அங்கே மஞ்சள் குங்குமம், பால், கற்பூரம் எல்லாம் ஊற்றிக் கொட்டியிருப்பார்கள். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தாம்பரம் கிழக்கு | 20.10.2024, மாலை 5.00

அப்போ பொடி இளஞ்சிவப்பா வந்தா கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடலாம், பச்சையா வந்தா தூக்கி எறியணும். இவ்வளவுதானே சுருக்கம்?

ஆய்வக மேசை | 20.10.2024, மாலை 5.25

இல்லை. இந்தச் சுருக்கம்தான் ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும். என்டோலோமா என்ற பேரினத்துக்கும் பொடி இளஞ்சிவப்புதான், அதில் வயிற்றைப் புரட்டும் இனங்கள் உண்டு. வித்தியாசம் செவுளில்: என்டோலோமாவில் செவுள் தண்டோடு ஒட்டியிருக்கும், புற்றுக்காளானில் விலகி நிற்கும். என்டோலோமாவுக்குக் கரையான் கூட்டுக்கு இறங்கும் வேரும் இல்லை. தொப்பியிலிருந்து அடிவரை கத்தியால் நேர்பாதியாகப் பிளந்து, வெட்டுமுகத்தைப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

பொடியின் நிறம் ஒரு காளானைத் தள்ளிவிடப் பயன்படும். அதை மட்டும் வைத்து ஒரு காளானைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

விரல் நகம் அளவில் நூற்றுக்கணக்கில் கம்பளம் விரித்தாற்போல் வரும் சின்னப் புற்றுக்காளானும் இருக்கிறது, டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ். கரையான்கள் வெளியே கொண்டுவந்து போடும் மெத்தைத் துணுக்கிலிருந்து அது முளைக்கிறது. அதற்கு நீள வேர் இருக்காது. வேர் என்ற சாட்சி இல்லாததாலும், அதே அளவில் அமாடாக்சின் உள்ள லெப்பியோட்டா இனங்கள் இருப்பதாலும், புதிதாகக் கற்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். உள்ளங்கையைவிடச் சிறிய செதில்தொப்பி வெள்ளைக் காளான் எதையும் தொடாமல் விடுவது நல்லது.

புற்றடி | 21.10.2024, இரவு 8.50

வைக்கோல் காளான் பற்றித் திருவள்ளூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வைக்கோல்போரின் ஓரத்தில், மக்கிய வாழைச் சருகில், வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாளில் வரும் வால்வேரியெல்லா வால்வேசியா. மொட்டில் கோழிமுட்டை வடிவில், சாம்பலும் கறுப்பும் கலந்த தோலோடு இருக்கும். கடைத்தெருவில் டப்பாவில் விற்பதும் இதே இனம்தான். சுவை நன்றாக இருக்கும், ஆனால் பறித்த சில மணி நேரத்தில் கரைய ஆரம்பித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் உலகில் ஆளைக் கொல்லும் காளான்களில் பலவும் முட்டை வடிவில்தான் தொடங்குகின்றன. அவை அமானிட்டா. இரண்டுக்கும் அடியில் பை போன்ற கிண்ணம் உண்டு. முட்டையை மேலிருந்து கீழாகப் பிளந்து பாருங்கள். இரண்டிலும் உள்ளே சின்னக் காளான் மடங்கிப் படுத்திருக்கும், செவுளும் அந்த வயதில் இரண்டிலும் வெள்ளைதான். எனவே முட்டை நிலையில் இருப்பதை மட்டும் பறிக்கும் பழக்கம் வேண்டாம். அதே கொத்தில் விரிந்த ஒன்றைத் தேடுங்கள். வைக்கோல் காளானில் விரிந்த பிறகு செவுள் இளஞ்சிவப்பாக மாறும், தண்டில் வளையம் இருக்காது, பொடி இளஞ்சிவப்பு. அமானிட்டாவில் செவுள் கடைசிவரை வெள்ளை, பெரும்பாலும் பாவாடை போல் வளையம், பொடி வெள்ளை. விரிந்தது ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள்.

சவுக்கு, தைலமரத் தோப்புக்குள் மண்ணிலிருந்து கிண்ணத்தோடு எழும் எதையும் எடுக்காதீர்கள். அமானிட்டாக்கள் மர வேரோடு சேர்ந்து வாழ்பவை. மழைநீர் வைக்கோலை அடித்துக்கொண்டுபோய்த் தோப்பு மண்ணில் புதைத்திருந்தால் எதிலிருந்து முளைத்தது என்பதே குழம்பிவிடும், அந்த இடமும் வேண்டாம்.

இரவுப் பணி | 22.10.2024, காலை 7.15

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. நேரக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போகும் வகை. ஆறு மணி நேரம் கழித்து, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று தாமதமாக வாந்தியும் பேதியும் தொடங்கினால் அமாடாக்சின் என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். அதன் நடத்தை ஏமாற்றக்கூடியது. முதல் நாள் கடுமையான பேதி. இரண்டாம் நாள் நின்றுவிடும், நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, மயக்கம்.

வேகவைத்தாலும், காயவைத்தாலும், உறையவைத்தாலும் இந்த விஷம் அழியாது.

செய்ய வேண்டியது: 108. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், உப்புக் கரைசல், புளித் தண்ணீர், மோர் எதுவும் விஷமுறிவு கிடையாது. மிச்சம் இருக்கும் சமைக்காத காளான், குழம்பில் மிஞ்சிய துண்டு, குப்பையில் போட்ட தோல் எல்லாவற்றையும் தாளில் சுற்றிக் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி, யார் யார் சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். “ஃபுட் பாய்சன்” என்று மட்டும் சொன்னால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. “காட்டுக் காளான்” என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை ஒருமுறை எடுத்தால் போதாது, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கல்லீரல் மாற்று வசதி உள்ள மருத்துவமனையோடு முதல் நாளே பேசி வைப்பது நல்லது. நகரத்தில் அந்த வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த நேரம்தான் கிடைக்க வேண்டும்.

இரண்டு மூன்று வகைக் காளானைக் கலந்து சமைத்திருந்தால் மேலே சொன்ன மூன்று மணி நேரக் கணக்கும் உடைந்துபோகும். ஒன்று சீக்கிரம் வாந்தியைக் கொண்டுவரும், இன்னொன்று பின்னால் காத்திருக்கும்.

புற்றடி | 22.10.2024, இரவு 9.40

இரவுப் பணி எழுதிய கடைசிப் பத்தி சமையலறை விதியாகவே ஆக வேண்டும். ஒரு சட்டியில் ஒரு வகை. முதன்முதலாகச் சாப்பிடும் வகை என்றால் ஒருவர் மட்டும், இரண்டு மூன்று கரண்டி, பிறகு முழு ஒரு நாள் இடைவெளி. முழுதாக ஒரு சமைக்காத காளானைத் தாளில் சுற்றித் தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் காட்டுக் காளான் வேண்டாம். மதுவோடும் வேண்டாம், மையாகக் கரையும் குடைக்காளான் வகையில் சிலவற்றோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும்.

மேடவாக்கம் மாடி | 23.10.2024, மாலை 7.00

சரி, நகரத்துக்குள்ள நல்ல புற்றுக்காளானே கண்ணுல பட்டா? கிண்டி, நன்மங்கலம் பக்கம் புற்று நிறைய இருக்கே.

புற்றடி | 23.10.2024, இரவு 8.20

கிண்டி தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுக்க முடியாது, காளானையும்தான். நன்மங்கலமும் வண்டலூரும் காப்புக்காடுகள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

சட்டம் இல்லாத இடத்திலும் நகரத்துக்குள் பறித்துச் சாப்பிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். காளான் மண்ணில் இருக்கும் காட்மியம், பாதரசம், ஈயத்தை இழுத்துத் தனக்குள் சேர்த்துவைக்கும். பிற காய்கறியைவிட இதில் அது அதிகம். பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுச் சுற்றுப்புறம், எண்ணூர் அனல்மின் சாம்பல் படியும் பகுதி, மணலி, எந்த நெடுஞ்சாலை ஓரம், ரயில் பாதை ஓரம், எதிலும் இனம் சரியாக இருந்தாலும் காளான் சரியாக இருக்காது. கழுவினால் உலோகம் போகாது, சதைக்குள் இருக்கிறது. பூங்காக்களில் களைக்கொல்லியும் கொசுமருந்தும் வேறு.

இதை எழுதிவிட்டு யோசித்தால், இந்த இழையில் அடையாளம் பற்றி இத்தனை எழுதியதற்கு நகரவாசிக்கு என்ன பயன் என்று தோன்றலாம். பயன் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் சொந்த ஊருக்குப் போகிறீர்கள், சாலையோரத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், வாங்குகிறீர்கள். அந்தக் கூடையைப் பார்க்கத் தெரிய வேண்டும். வேர் நுனி ஒட்டியிருக்கிறதா, கூர்முனை இருக்கிறதா, வேறு வகை கலந்திருக்கிறதா, அமுக்கினால் நீர் கசிகிறதா, மீன்வாடை வருகிறதா என்று பாருங்கள். பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்திருந்தால் வாங்காதீர்கள். கெட்டுப்போன நல்ல காளானாலும் வாந்தி வரும், அதைப் பலர் “விஷக் காளான்” என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செங்கை செம்மண் | 24.10.2024, காலை 6.00

பனையோலைக் கூடை, இல்லாவிட்டால் துணிப்பை. காளானுக்கு நடுவில் செய்தித்தாள். சென்னைக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம் என்றால் கூடையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே சாமான் தட்டில் வைத்தால் நசுங்கி வெந்துவிடும். அன்று இரவே சமைத்தாக வேண்டும்.

வேளச்சேரி ஜன்னல் | 26.10.2024, பகல் 1.15

ஊர்லேர்ந்து மாமியார் கால் கிலோ அனுப்பியிருக்காங்க, வேரோட. மேல உள்ள அடையாளம் எல்லாம் பொருந்துது, அவங்களும் வருஷா வருஷம் அதே வரப்புல எடுக்கறவங்க. எப்படிச் செய்யறது?

புற்றடி | 26.10.2024, பகல் 1.50

ஊறவைக்கக் கூடாது, நீரைக் குடித்துவிடும். வேர்ப்பகுதியைக் கத்தியின் முதுகால் சுரண்டிக் கருந்தோலை எடுங்கள், வெள்ளை நார் மட்டும் நிற்க வேண்டும். தொப்பியைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டினால் செவுளுக்குள் இருக்கும் மண்ணும் பூச்சியும் விழும். பிறகு ஓடும் தண்ணீரில் ஒரு நொடி அலசித் துணியில் ஒற்றியெடுங்கள். தொப்பியைக் கையால் கிழியுங்கள். தண்டையும் வேரையும் குறுக்கே மெல்லிசாக நறுக்குங்கள், நீளவாக்கில் நறுக்கினால் நார் பல்லில் மாட்டும்.

கால் கிலோவுக்கு நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை. மிளகு ஒரு தேக்கரண்டியும் சீரகம் அரையும் கொரகொரப்பாக இடித்தது. வெங்காயம் கண்ணாடியாக வதங்கியதும் முதலில் தண்டையும் வேரையும் போட்டு ஐந்து நிமிடம், பிறகு தொப்பி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. மூடாதீர்கள். காளான் விடும் தண்ணீரிலேயே வெந்து, அந்தத் தண்ணீர் சுண்டிச் சட்டியில் எண்ணெய் பிரியும்வரை விட வேண்டும், நடுத்தீயில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். உப்பு கடைசியில், ஏனென்றால் அளவு பாதியாகச் சுருங்கிவிடும். தொடக்கத்திலேயே கண்ணளவில் போட்டால் கரிக்கும். இடித்த மிளகு சீரகத்தை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு தூவுங்கள்.

கரம் மசாலா, சோயா சாஸ் எதுவும் வேண்டாம். இதற்கென்று ஒரு இறைச்சி மணம் இருக்கிறது, அது போய்விடும்.

அரைவேக்காடு எந்தக் காட்டுக் காளானிலும் கூடாது. மிச்சத்தை மறுநாளுக்கு வைத்துச் சூடாக்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

தாம்பரம் கிழக்கு | 27.10.2024, இரவு 10.00

இவ்வளவு பயமுறுத்தினதுக்கு அப்புறம் கோயம்பேட்டுல பாக்கெட் காளான் வாங்கறதே மேல் போலிருக்கு. சென்னை வெயில்ல வீட்டுல வளர்க்க முடியுமா?

ஆய்வக மேசை | 28.10.2024, காலை 8.10

முடியும், பால் காளான். மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும், சிப்பிக் காளானும் மே மாதத்தில் இங்கே திணறும். பால் காளான் 30 முதல் 35 டிகிரியில் வருவது. கலோசைபி இண்டிகா என்று 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து விவரிக்கப்பட்ட நம் நாட்டுக் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரக வித்து (பை போடுவதற்கான காளான் விதை) கிடைக்கும்.

வைக்கோலை விரல் நீளத்துக்குச் சிறிதாக நறுக்கி நான்கு மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். உலர்த்தும் பதம்: ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஈரம் கூடினால் பச்சைப் பூஞ்சை ஏறும், குறைந்தால் வித்து பரவாது. பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வைக்கோலும் வித்தும். இரண்டு வாரத்தில் பை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு பையைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பரப்பின் மேல் சுண்ணாம்புத்தூள் கலந்து ஆவியில் அவித்த செம்மண்ணை ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பரப்புங்கள். மண் மூடாவிட்டால் பால் காளான் மொட்டு விடாது. சிப்பி வளர்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். தினம் தெளிப்பானால் மண் நனையும் அளவு தண்ணீர், ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், கொஞ்சம் வெளிச்சம். மண் மூடிய பத்து நாளில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் தெரியும், அடுத்த ஒரு வாரத்தில் அறுக்கலாம்.

வளர்ப்புப் பையிலேயே மெல்லிய தண்டோடு, ஒரே நாளில் கறுப்பு மையாகக் கரையும் காளான் வந்தால் அது களை. காப்ரினஸ் வகை. வைக்கோல் சரியாக வேகவில்லை, இல்லை நீர் அதிகம் என்று அர்த்தம். பிடுங்கி எறியுங்கள்.

மேடவாக்கம் மாடி | 02.12.2024, காலை 9.00

ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் புல்வெளியில மறுபடியும் அதே வளையம், இந்தத் தடவை இன்னும் அகலமா. வாட்ச்மேன் அண்ணனுக்கு அச்சைக் காட்டினேன், அவரே இப்போ எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டார். ஊர்லேர்ந்து அவருக்கு ஒரு கூடை புற்றுக்காளான் வருதாம், காயவெச்சு எடுத்து வைக்க முடியுமான்னு கேக்கறார்.

செங்கை செம்மண் | 02.12.2024, பகல் 11.30

இந்த ஈரக்காற்றில் வெயிலில் காயாது, பாதி காய்ந்து பூஞ்சணம் பிடித்துவிடும். அரை சென்டிமீட்டர் தடிமனில் சீவி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம், பிறகு ஓவன் இருந்தால் 50 முதல் 55 டிகிரியில் கதவை விரல் அளவு திறந்துவைத்து, ஒடித்தால் சட்டென்று முறியும்வரை. வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஓவன் இல்லையென்றால் காயவைக்க வேண்டாம். மேலே சொன்ன மாதிரி முழுதாக வதக்கி, ஆறியதும் சின்ன டப்பாக்களில் அடைத்து உடனே ஃபிரீசரில். ஒருமுறை வெளியே எடுத்ததைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. கூடை வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாக வேர் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள், வேர் அறுந்தவற்றில் கூர்முனையும் செவுளும் பொருந்தாதது எதுவாக இருந்தாலும் தனியே வைத்துவிட வேண்டும்.